மலேரியாவை அடக்கும் கருவிகளுக்கும் ஆயுசு உண்டு

மூன்று மீட்டர் உயரச் சுவர் ஒன்று. கொசு மருந்து தெளிப்பவர் கையில் அழுத்தப் பம்பு, விசிறி மாதிரி விரித்து அடிக்கிற தட்டை நாசில். நாசில் நுனிக்கும் சுவருக்கும் நடுவில் 45 செ.மீ. இருக்க வேண்டும். அப்போதுதான் மருந்து 75 செ.மீ. அகலப் பட்டையாக விழும். கை மீட்டருக்கு 2.2 வினாடி வேகத்தில் நகர வேண்டும், அதாவது உச்சியிலிருந்து தரை வரை ஏழு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த பட்டை முந்தைய பட்டையின் மேல் 5 செ.மீ. ஏறி விழ வேண்டும். இத்தனையும் சரியாக அமைந்தால் சதுர மீட்டருக்கு 40 மி.லி. கரைசல் சுவரில் படியும். கை அவசரப்பட்டால் மருந்து போதாது, தயங்கினால் வழிந்து தரைக்குப் போகும். பம்பை அவ்வப்போது குலுக்காவிட்டால் தூள் அடியில் தங்கிவிடும். ஒரே பம்பில் தெளித்த இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர் என்று ஆகிவிடும்.

இவ்வளவு பாடுபட்டும் இந்தத் தெளிப்பு பெரும்பாலும் கொசு கடிப்பதைத் தடுப்பதில்லை. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் பெண் கொசு வயிறு முட்ட ரத்தம் குடித்த பிறகு தூரமாகப் பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில்தான் உட்காரும். அந்தச் சுவரில் மருந்து காத்திருக்க வேண்டும். கடித்த பிறகு செத்து என்ன லாபம் என்று தோன்றலாம். லாபம் கடிபட்டவருக்கு இல்லை, அடுத்த வீட்டுக்காரருக்கு. நோயாளியின் ரத்தத்தோடு உள்ளே போன மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றுச் சுவரில் வளர்ந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர, 25 டிகிரி வெப்பத்தில் 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை கொசு உயிரோடு இருந்தால்தான் நோய் அடுத்த ஆளுக்குப் போகும்.

இதைக் கணக்காகப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். ஒரு நாளைக்கு நூற்றில் 90 கொசு பிழைக்கிற ஊரில் 12 நாள் கழித்து 28 மிஞ்சும். அதையே நூற்றுக்கு 70 ஆக்கினால், 12 நாள் கழித்து மிஞ்சுவது ஒன்று, ஒன்றரை. கொசுவின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் பரவலும் பாதிதான் ஆகும். அதன் ஆயுளைக் கொஞ்சம் வெட்டினாலே பரவல் சரிந்து விழும். 1950-களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்டு கணிதமாக எழுதிக் காட்டியது இதைத்தான். மலேரியா கட்டுப்பாட்டின் அடிப்படை இன்றும் இதுவே.

ஆனால் சுவரில் படிந்த மருந்துக்கும் ஆயுள் உண்டு. டி.டி.டி. ஆறு மாதம்போலத் தாங்கும், பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகைகள் மூன்றிலிருந்து ஆறு மாதம். மண்சுவர் மருந்தை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சுண்ணாம்பு அடித்த சுவரின் காரத்தன்மை சில மருந்துகளைச் சீக்கிரம் சிதைத்துவிடும். தெளித்த அடுத்த மாதமே வீட்டுக்காரர் சுவரை மறுபடி பூசினால் மருந்து பூச்சுக்கு அடியில் பத்திரமாக இருக்கும், கொசு மேலே பத்திரமாக உட்காரும்.

இந்தப் பதிவு முழுக்க இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். மலேரியாவுக்கு எதிராக நம்மிடம் உள்ள எல்லாக் கருவியும் வேலை செய்கிறது, எல்லாவற்றுக்கும் ஆயுசும் இருக்கிறது. 'மலேரியாவுக்குத்தான் மருந்து இருக்கிறதே, பிறகும் ஏன் சாகிறார்கள்' என்ற கேள்விக்குப் பெரும்பகுதி பதில் இதற்குள் கிடைத்துவிடும்.

முதலில் சுமையின் அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023-ல் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 5,97,000 பேர் இறந்தார்கள். இறப்பில் நூற்றுக்கு 95 ஆப்பிரிக்கப் பகுதியில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நைஜீரியா ஒரு நாட்டில் மட்டும் உலக மலேரியா சாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. குழந்தைகள் ஏன்? இந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி ஒரே தடவையில் வராது. பலமுறை காய்ச்சல் வந்து பிழைத்தவருக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், அதுவும் அரைகுறையாக. நோய் உள்ள பகுதியை விட்டுச் சில ஆண்டு வெளியே இருந்தால் அதுவும் தேய்ந்துவிடும். வெளிநாட்டில் படித்துவிட்டுச் சொந்த ஊருக்கு விடுமுறையில் வருகிற இளைஞர், 'நான் பிறந்து வளர்ந்த ஊர்தானே' என்று தடுப்பு மாத்திரை போடாமல் விடுவது இதனால்தான் ஆபத்து.

2000-ஐ ஒப்பிட்டால் மலேரியாவின் மரண விகிதம் ஏறத்தாழ பாதியாகியிருக்கிறது. அந்த இறக்கத்தின் பெரும்பகுதி 2015-க்குள் நடந்தது. அதன் பிறகு வரைபடம் தட்டையாகக் கிடக்கிறது. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட 66.3 கோடி மலேரியாக் காய்ச்சல்களில் 68 விழுக்காடு மருந்து தோய்த்த கொசுவலையால் தடுக்கப்பட்டது என்பது ஒரு புகழ்பெற்ற கணக்கு. எனவே வலையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

இரண்டு பேருக்கு ஒரு வலை என்பது இலக்கு. ஆனால் மொத்தமாக வாங்கும்போது 1.8 பேருக்கு ஒன்று என்று கணக்குப் போடுவார்கள். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு இரண்டரை வலை கொடுக்க முடியாது, மூன்று வேண்டும். இந்த 0.2-ஐ விட்டுவிட்டுக் கொள்முதல் செய்தால் ஊரின் கடைசித் தெருவுக்கு வலை இருக்காது. புது வலையைப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாட விரித்துப் போட வேண்டும், இல்லையென்றால் முதல் இரவில் முகம் எரியும், இரண்டாம் இரவில் வலை மூலைக்குப் போய்விடும். துவைக்கக் குளிர்ந்த தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். காய வைப்பது நிழலில். வெயில் மருந்தைச் சிதைக்கும், ப்ளீச்சிங் பவுடர் மொத்தமாகக் கெடுக்கும். ஓரத்தைப் பாய்க்கோ மெத்தைக்கோ அடியில் செருக வேண்டும். உடம்பு வலையில் ஒட்டிக்கொண்டு படுத்தால் கொசு வெளியிலிருந்தே குடித்துவிடும்.

மூன்று ஆண்டு, 20 துவைப்பு என்ற தரத்தில்தான் வலைகள் வாங்கப்படுகின்றன. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விநியோகமும் அந்தக் கணக்கில்தான். நிஜ வீட்டில் கட்டில் ஆணியும் எலியும் விளக்குச் சுடரும் இந்தத் தரச்சான்றைப் படித்ததில்லை. பல நாடுகளில் வலை இரண்டு ஆண்டு தாங்கினாலே அதிகம். மூன்றாம் ஆண்டு முழுக்க மக்கள் ஓட்டை வலையில் தூங்குகிறார்கள், அறிக்கையில் மட்டும் 'பாதுகாக்கப்பட்ட மக்கள்' என்று இருக்கிறார்கள்.

துணி கிழிவதைவிடப் பெரிய பிரச்சினை மருந்து தோற்பது. ஆண்டுக்கணக்கில் எல்லா வலையிலும் பைரித்ராய்டு ஒன்றைத்தான் தடவினோம். கொசு பழகிக்கொண்டது. நரம்பில் மருந்து போய் ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொண்டது ஒரு வழி, மருந்தை உடைக்கும் நொதிகளை அதிகமாகச் சுரப்பது இன்னொரு வழி. இரண்டாவதைச் சமாளிக்க பி.பி.ஓ. என்ற துணைப்பொருள் சேர்த்த வலை வந்தது. அது கொசுவின் நொதியை முடக்கும். ஆனால் துவைக்கத் துவைக்க அதுவும் போய்விடும். அடுத்து குளோர்ஃபெனாபிர் சேர்த்த வலை. இது நரம்பைத் தொடுவதில்லை, செல்லுக்குள் ஆற்றல் உற்பத்தியை நிறுத்துகிறது. தான்சானியாவிலும் பெனினிலும் நடந்த சோதனைகளில் சாதா பைரித்ராய்டு வலையைவிட இரண்டு ஆண்டில் குழந்தைகளின் மலேரியா முறையே 44, 46 விழுக்காடு குறைந்தது. 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. நல்ல செய்திதான். ஆனால் எல்லா நாடும் இப்போது இந்த ஒரே மருந்தின் பின்னால் ஓடுவதைப் பார்த்தால், பைரித்ராய்டுக்குச் செய்ததையே இதற்கும் செய்கிறோமோ என்ற கவலை எனக்கு உண்டு.

கொசு தாண்டி வந்துவிட்டது, காய்ச்சலும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ரத்தப் பரிசோதனை. மலேரியாவைக் காய்ச்சலின் போக்கை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம் என்பது பாடப்புத்தக விவரிப்பு. மலேரியா ஒட்டுண்ணி இனங்களில் உயிரை அதிகம் பறிக்கும் ஃபால்சிபாரத்தில் தொடக்கத்தில் காய்ச்சல் எப்படி வேண்டுமானாலும் வரும்.

நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் ஒரே ஸ்லைடில் இரண்டு பூச்சு எடுப்பார்கள். தடித்த பூச்சு ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேட, மெல்லிய பூச்சு எந்த இனம் என்று பார்க்க. மெல்லியதை மட்டும் மெத்தனாலில் நனைக்க வேண்டும். தடித்ததில் ஒரு துளி மெத்தனால் பட்டாலும் சிவப்பணுக்கள் கரையாமல் கெட்டிப்பட்டு நின்றுவிடும், அதன் பின் கீழே எதுவும் தெரியாது. புது ஆட்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். ஜீம்சா சாயத்தைக் கலக்கும் நீரின் பி.எச். 7.2 இருக்க வேண்டும். அமிலம் கூடினால் ஒட்டுண்ணியின் உட்கரு சிவப்பாகத் துலங்காது. 10 விழுக்காடு சாயத்தில் 10 நிமிடம், 3 விழுக்காட்டில் 30 முதல் 45 நிமிடம். 'இல்லை' என்று எழுதும் முன் குறைந்தது 100 புலங்களை (லென்ஸில் ஒரு முறைக்குத் தெரியும் பரப்பு ஒரு புலம்) பார்த்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு ஸ்லைடு வந்து குவிகிற ஆய்வகத்தில் அந்த நூறு எவ்வளவு சுருங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உடனடிப் பரிசோதனை அட்டை வந்த பிறகு ஆய்வகம் இல்லாத ஊரிலும் கால் மணி நேரத்தில் பதில் கிடைக்கிறது. விரல் நுனியில் 5 மைக்ரோலிட்டர் ரத்தம், அட்டையில் சொன்ன எண்ணிக்கையில் கரைசல் துளிகள், 15 முதல் 20 நிமிடக் காத்திருப்பு. கரைசல் தீர்ந்துவிட்டால் தண்ணீரையோ வேறு பெட்டியின் கரைசலையோ ஊற்றுவது பெரிய பிழை, இல்லாத கோடு தோன்றும். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் அப்படித்தான். உறை கிழிந்து ஈரம் ஏறிய அட்டையைத் தூக்கிப் போட வேண்டும். இன்னொன்று: பெரும்பாலான அட்டைகள் தேடுவது எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தை. ஒட்டுண்ணி செத்து வாரக்கணக்கான பின்னும் அது ரத்தத்தில் சுற்றும். எனவே சிகிச்சை பலித்ததா என்று பார்க்க இந்த அட்டை உதவாது, ஸ்லைடுதான் வேண்டும்.

இந்த அட்டைக்கும் ஆயுசு இருக்கிறது என்பது 2010 வாக்கில் தெரிந்தது. பெரு நாட்டு அமேசான் பகுதியில் அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவே இல்லாத ஃபால்சிபாரம் கிடைத்தது. அட்டைக்கு அது கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. அட்டை 'இல்லை' என்கிறது, நோயாளி மருந்தில்லாமல் வீட்டுக்குப் போகிறார், ஒட்டுண்ணி பரவுகிறது. சோதனையே அந்த வகையைத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிட்டது என்று சொல்லலாம். எரித்ரியாவில் இது மிகவும் பரவி, 2016-ல் அந்த நாடு வேறு வகை அட்டைக்கு மாற வேண்டியதாயிற்று.

மருந்துக்கு வருவோம். சிக்கலாகாத ஃபால்சிபாரத்துக்கு உலகெங்கும் அதிகம் கொடுக்கப்படுவது ஆர்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் கூட்டு மாத்திரை. 35 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவருக்கு ஒரு வேளைக்கு நான்கு, மூன்று நாளில் ஆறு வேளை, மொத்தம் 24 மாத்திரை. இரண்டாவது வேளை சரியாக எட்டு மணி நேரம் கழித்து. மாலையில் தொடங்கினால் அது நடுராத்திரியில் வரும், தூக்கத்தில் தவறும். கொழுப்புள்ள உணவோடு போட்டால் லூமிஃபான்ட்ரின் பல மடங்கு அதிகமாக உடம்பில் ஏறும். வெறும் வயிற்றில் போட்டால் 24 மாத்திரையும் தின்றும் போதுமான மருந்து ரத்தத்தில் இருக்காது. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடி கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். மீதியை 'அடுத்த தடவைக்கு' என்று எடுத்து வைப்பதுதான் இதில் மிகச் சாதாரணமான, மிகக் கெட்ட பழக்கம். ஆர்டிமெதர் வேகமாக அடித்துச் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். எஞ்சியதைத் துடைப்பது நாள்கணக்கில் தங்கும் லூமிஃபான்ட்ரின். பாதியில் நிறுத்தினால் துடைக்க ஆள் இருக்காது.

நினைவு தப்புதல், வலிப்பு, மூச்சுத் திணறல், எதையும் குடிக்க முடியாமை, கடுமையான சோகை, மஞ்சள் காமாலை, சிறுநீர் கறுத்தல் எதுவும் இருந்தால் மாத்திரைக்கு வேலையில்லை. ஆர்டிசுனேட் ஊசி வேண்டும்: கிலோவுக்கு 2.4 மி.கி., 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 3 மி.கி. முதல் நாளில் 0, 12, 24 மணி நேரத்தில், பிறகு நாளுக்கு ஒன்று. குறைந்தது மூன்று ஊசி போட்ட பிறகே மாத்திரைக்கு மாற்றலாம், மாற்றிய பின் முழு மூன்று நாள் மாத்திரையும் முடிக்க வேண்டும். ஆசியாவில் 2005-ல் வெளியான பெரிய சோதனையில் குயினைனைவிட இது சாவை 35 விழுக்காடு குறைத்தது. 2010-ல் வெளியான ஆப்பிரிக்கக் குழந்தைகள் சோதனையில் 22.5 விழுக்காடு. சிகிச்சை முடிந்து ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் சிலருக்குச் சிவப்பணு சிதைந்து சோகை வரும். அதனால் வீட்டுக்குப் போனவரைத் திரும்ப வரச் சொல்லி ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். மருத்துவமனைகள் இதை மறப்பது அதிகம்.

இந்த மருந்தின் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு கொடுத்துவந்த குளோரோகுயின் தோற்கத் தொடங்கியது 1950-களின் கடைசியில், தாய்லாந்து-கம்போடியா எல்லையில். அந்த எதிர்ப்பு ஆப்பிரிக்காவை அடைந்தபோது குழந்தைச் சாவு ஏறியது. ஆர்டிமெதரும் ஆர்டிசுனேட்டும் சேர்ந்த ஆர்டிமிசினின் குடும்பத்துக்கு அரைகுறை எதிர்ப்பு முதலில் தெரிந்ததும் அதே மேற்குக் கம்போடியாவில். இப்போது ருவாண்டா, உகாண்டா, தான்சானியா, எரித்ரியா ஆகிய நாடுகளில் அது உறுதியாகியிருக்கிறது. இந்தத் தடவை வெளியிலிருந்து வந்து சேரவில்லை, ஆப்பிரிக்காவிலேயே தனியாக முளைத்தது. லூமிஃபான்ட்ரின் மாதிரித் துணை மருந்து இன்னும் தாங்குவதால் நோயாளிகள் குணமாகிறார்கள். துணையும் விழுந்தால் கதை வேறு.

வைவாக்ஸ் என்ற இன்னொரு ஒட்டுண்ணி இனம் தனிக் கதை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இதன் பங்கு பெரியது. ரத்தத்தில் உள்ளதைக் கொன்ற பிறகும் கல்லீரலில் தூங்குகிற வடிவம் மிஞ்சி, வாரமோ மாதமோ கழித்து, கொசுக்கடியே இல்லாமல் காய்ச்சலாக எழும். அதை ஒழிக்கும் ப்ரைமாகுயின் 14 நாள். மூன்றாம் நாளே சுகமாகிவிட்டவர் இன்னும் 11 நாள் மாத்திரை போடுவாரா? சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைந்தவருக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆகவே முதலில் நொதிச் சோதனை, கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது. ஒரே வேளை 300 மி.கி. போதும் என்ற டஃபெனோகுயின் வந்திருக்கிறது. ஆனால் அது உடம்பில் வாரக்கணக்கில் தங்குவதால், நொதி 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் கொடுக்க முடியாது.

தடுப்பூசி பற்றிச் சுருக்கமாக. ஆர்.டி.எஸ்.எஸ். 2021 அக்டோபரில், ஆர்21 2023 அக்டோபரில் பரிந்துரைக்கப்பட்டன. ஐந்து மாத வயதிலிருந்து நான்கு ஊசி. கானா, கென்யா, மலாவியில் நடந்த முன்னோட்டத்தில் ஊசிக்குரிய வயதுக் குழந்தைகளின் மொத்தச் சாவு 13 விழுக்காடு குறைந்தது. சின்ன எண் மாதிரி தோன்றும், பொதுச் சுகாதாரத்தில் இது பெரிய எண். ஆனால் பாதுகாப்பு மாதங்கள் போகப் போகத் தேயும், நான்காவது ஊசியைத் தவறவிடும் குழந்தைகள் நிறைய. வலையைத் தூக்கி எறியச் சொல்லும் ஊசி இது இல்லை. மழைக்காலத்தில் மட்டும் மலேரியா பொங்கும், சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியில், மாதம் ஒருமுறை எல்லாக் குழந்தைக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் அந்தக் காலத்துக் காய்ச்சலை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைக்கிறது. அதுவும் மருந்து கொடுத்த ஏறக்குறைய 28 நாளைக்குத்தான்.

இத்தனைக்கும் காசு வேண்டும். 2023-ல் தேவை 830 கோடி டாலர், கிடைத்தது 400 கோடி. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைவிடத் தெளிவான பாடம் இல்லை. டி.டி.டி. தெளித்து 1963-ல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். முடிந்துவிட்டது என்று தெளிப்பை நிறுத்தினார்கள். 1968-69-ல் ஐந்து லட்சத்துக்கு மேல் காய்ச்சல். மறுபடி தெளிக்கப் போனபோது கொசு டி.டி.டி.க்குப் பழகியிருந்தது, மாலத்தியானுக்கு மாற வேண்டி வந்தது. 1999-ல்கூட இரண்டரை லட்சத்தைத் தாண்டிய எண்ணிக்கையை, ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பிடித்து, 2012 அக்டோபரில் கடைசி உள்ளூர் நோயாளி வரை கொண்டுவந்தார்கள். 2016 செப்டம்பரில் சான்றிதழ் கிடைத்தது.

அதே ஆண்டின் இறுதியில் மன்னார்த் தீவின் கிணறுகளில் ஒரு புதுக் கொசுப்புழு சிக்கியது: அனோபிலிஸ் ஸ்டெஃபன்சி. காட்டையும் வயலையும் நம்பாமல் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் சிமென்ட் தொட்டியிலும் முட்டையிடும் நகரத்துக் கொசு. இதே கொசு 2012-ல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு அங்கே 27 மலேரியா நோயாளிகள், 2020-ல் 73,000-க்கு மேல். எனவே மன்னாரில் கிணற்றுக்கு வலை மூடி, புழு தின்னும் மீன், பயன்படுத்தும் கிணற்றில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவைத் தாண்டாமல் டெமிஃபாஸ் என்ற புழுக்கொல்லி. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும் என்பதால் வாரம் தவறாமல் எட்டிப் பார்க்க வேண்டும். நாட்டில் ஒட்டுண்ணி இல்லை, கொசு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவரிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது, கடைசியாக எந்த நாட்டில் தூங்கினீர்கள் என்று.